வியாழக்கிழமை, நாலு மணிக்குள்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்றைய விதிப்படி நான் உங்கள் வேலைக்கு மனுக்கூடப் போட முடியாது. உயர்நிலை இரண்டோடு புத்தகத்தைக் கட்டிவைத்தவன் நான். கப்பல் பட்டறையில் சாயம் அடித்தேன், டாக்சி ஓட்டினேன், பிறகு வீட்டு முகவர் ஆனேன். அப்போது இந்தத் தொழிலின் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நானும் அப்படித்தான்.

நீங்கள் தேர்வு எழுதி, முகவர் அட்டை வாங்கி, துண்டுப் பிரசுரத்தில் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறீர்கள். அந்தப் படத்தில் ஏன் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டே நிற்கிறீர்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீடு காட்டப் போகிறவர் கையை அவிழ்த்துத்தானே கதவைத் திறக்க வேண்டும்?

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். படிவங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெறும்போது எல்லாம் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. என் பேரப்பிள்ளை இல்லாமல் ஒரு படிவமும் என்னால் அனுப்ப முடியவில்லை. அல்லாஹ் சரியான நேரத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

வாங்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஊரில் காதலைச் சொல்வதற்கு மோதிரம் தேவையில்லை. "அரசாங்க வீட்டுக்குச் சேர்ந்து மனுப் போடலாமா?" என்று கேட்டால் போதும். அந்த இளம் ஜோடிகள் ஒரு வகை. புது வீட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மறுவிற்பனை வீடு தேடி வருவார்கள். சமையலறையைப் பார்த்து அவள் ஒன்று சொல்வாள், அவன் ஒன்று சொல்வான். முடிவில் இருவருமே அந்தச் சமையலறையில் சமைக்க மாட்டார்கள். அடுத்த வகை, பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்குகிறவர்கள். அதற்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. தூரமாகப் போனால் அதே தொகை உண்டு என்று அறிவித்தால் எத்தனை மருமகள்கள் வரிசையில் நிற்பார்கள் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். பிள்ளைகள் பறந்துபோன பிறகு பெரிய வீட்டை விற்றுச் சிறியதற்கு மாறும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டை விற்கச் சம்மதித்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை விடச் சம்மதிக்கவே மாட்டார்கள்.

பிறகு ஒற்றை ஆட்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கு முப்பத்தைந்து வயது நிரம்பினால்தான் சொந்தமாக அரசாங்க அடுக்குமாடி வீடு வாங்கலாம். சிலர் அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்களோ இல்லையோ, மறுநாள் காலையில் எனக்குப் போன் அடிப்பார்கள். இவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜோடியாக வருகிறவர்கள் தப்பு நடந்தால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். தனியாக வருகிறவருக்குத் திட்ட ஆள் இல்லை. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அவர் கையெழுத்துப் போடுகிறார். இது எனக்கு ஒரு வியாழக்கிழமைதான் புரிந்தது.

அவள் பெயர் தனம். பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். வயது நாற்பத்து மூன்று. கிளமெண்டியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் நல்ல மனிதர், அண்ணியும் அப்படித்தான். ஆனால் வீட்டில் அறைகள் கணக்காகத்தான் இருந்தன. அண்ணன் மகள் பெரியவளானதும் தனத்தின் கட்டில் கூடத்துக்கு வந்தது. பிறகு கட்டிலும் போய் மெத்தை மட்டும் மிஞ்சியது. "பாய், எங்க வீட்ல விருந்தாளி வந்தா நான் தூங்க முடியாது. அவங்க எழுந்து போகணும்லா," என்றாள் முதல் நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளுக்குத் தமிழர் கடைவீதியான தேக்கா பக்கத்திலேயே ஒரு மூவறை வீடு வேண்டும். காலையில் கோயிலுக்கு நடந்து போய்விட்டு அப்படியே பள்ளிக்குப் போக வேண்டும். கேட்பதற்குச் சின்ன ஆசைதான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், எந்த இனத்தார் எத்தனை வீடு வரை இருக்கலாம் என்று ஓர் அளவு உண்டு. அவள் விரும்பிய புளோக்குகளில் இந்தியர் அளவு நிரம்பிவிட்டது. அப்படி நிரம்பிவிட்டால், அங்கே இந்தியர் ஒருவர் விற்றால்தான் இன்னோர் இந்தியர் வாங்க முடியும். சீனர் வீடு இரண்டு அவளுக்குப் பிடித்துப்போய், கடைசியில் வாங்க முடியாமல் போயின. இரண்டாவது வீட்டின் ஜன்னலுக்குத் திரைச்சீலை நிறம்கூட யோசித்துவிட்டாளாம். அதன் பிறகு, "பாய், எனக்கு வீட்டைக் காட்டுறதுக்கு முன்னாடி ஓனர் யாருன்னு காட்டுங்க," என்றாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு பெரியவர் கிடைத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவர், எண்பதை நெருங்கியவர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். பாசிர் ரிஸில் மகள் வீட்டுக்குப் போக முடிவு செய்து, பதினோராவது மாடி வீட்டை முகவர் யாரும் இல்லாமல் தானே விற்றுக்கொண்டிருந்தார். முகவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. என்னைப் பார்த்ததும், "நீங்கள் கதையைக் குறைச்சுக் கொள்ளுங்கோ தம்பி, வீடு தானே கதைக்கும்," என்றார். என் அறுபது வயதில் ஒருவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதால் நான் கோபப்படவில்லை.

தனத்துக்கு வீடு பிடித்தது. பெரியவருக்குத் தனத்தைப் பிடித்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் ஆப்ஷன் கொடுத்தார். உங்களுக்குத் தெரிந்ததுதான், வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்: ஆப்ஷன் என்பது விற்கிறவர் தரும் வாக்குறுதிக் காகிதம். இருபத்தொரு நாளைக்கு வீட்டை வேறு யாருக்கும் விற்க மாட்டார். அந்த இருபத்தொன்றாம் நாள் மாலை நாலு மணிக்குள் வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். நாலு அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் அது வெறும் காகிதம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

என் பையில் அளவு நாடா, கைவிளக்கு, திசைகாட்டி மூன்றும் எப்போதும் இருக்கும். திசைகாட்டி இரண்டு வேலை செய்தது. வாடிக்கையாளருக்கு வாஸ்து, எனக்குத் தொழும் திசையான கிப்லா. சீன வாடிக்கையாளர்களுக்கு நாலாம் எண் ஆகாது, அவர்களுடைய பேய் மாதத்தில் வீடு பார்க்க வர மாட்டார்கள். தமிழர்களுக்கு ஆடி ஆகாது. இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும் ஆண்டுகளில் நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்திருக்கிறோம். இதையெல்லாம் மீறிப் பிழைக்க நான் ஒரு வித்தை வைத்திருந்தேன். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து மைத்துனன் கொண்டு வந்த நாள்காட்டியின் அட்டையிலிருந்து ராகு கால அட்டவணையை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, பணப்பையில் வைத்திருந்தேன். சில மாதங்களில் மனப்பாடம் ஆகிவிட்டது. "வெள்ளிக்கிழமையா? பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ஆகாதும்மா, பன்னெண்டேகாலுக்கு வாங்க," என்பேன். ஐந்து வேளை தொழும் ஒரு பாய் ராகு காலம் சொல்கிறாரே என்று அவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வியப்பு எனக்குப் போதை மாதிரி. கடவுள் பயம் உள்ளவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் அதில் தாராளமாகக் குடித்தேன்.

தனம் நாள் பார்த்தாள். முதல் வாரம் வங்கிக் கடிதம் வரவில்லை. இரண்டாம் வாரம் அஷ்டமி. "மூணாவது வியாழன் நல்ல நாள் பாய், குருவுக்கு உகந்தது," என்றாள். அதுதான் இருபத்தொன்றாம் நாள். காலையில் பெரியவருக்கு மருத்துவமனை, அவளுக்குப் பள்ளி. நான் பணப்பையைத் திறக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "வியாழன் ராகு காலம் ஒன்றரையிலேர்ந்து மூணு. மூணேகாலுக்குப் போட்டுடலாம். முக்கால் மணி நேரம் கையில இருக்கு."

கடைசி நாளை வைக்காதே என்று புதிய முகவர்களுக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் என்னை வியந்து பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு நானே சொல்ல மறந்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு நான் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஐந்துக்குத் தனம் வந்தாள். கையில் பூ, வெற்றிலை, பழம், ஒரு தேங்காய். பட்டுப்புடவை. முகம் மட்டும் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக இல்லை.

"பாய், மேல போக வேணாம்."

"என்னம்மா ஆச்சு?"

"பஃபலோ ரோட்ல பூ வாங்கினேன். என்ன விசேஷம்னு பூக்கார அக்கா கேட்டாங்க, சொன்னேன். 'ராகு காலத்துலயா போடப்போற?'ன்னாங்க. அவங்க கடையில இங்க அச்சடிச்ச காலண்டர் மாட்டியிருக்கு. நீங்க சொன்னதை நம்பி நான் முன்னாடி பார்க்கல, இப்பதான் பார்த்தேன். இன்னைக்கு ராகு காலம் ரெண்டரைக்குத் தொடங்கி நாலு தாண்டித்தான் பாய் முடியுது."

"அது எப்படி? என்கிட்ட இருக்கிற காலண்டர்ல…"

"உங்க காலண்டர் எந்த ஊர்ல அடிச்சது?"

நான் பணப்பையை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் நாகப்பட்டினத்து நகைக்கடை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஊரு எதா இருந்தா என்னம்மா, ராகு ஒருத்தர்தானே?" என்றேன். இந்த மாதிரிப் பேச்சுத்தான் எனக்குச் சோறு போட்டது.

தனம் என்னை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ராகு காலம் சூரியன் உதிக்கிறதுலேர்ந்து கணக்கு பாய். அங்க ஆறு மணிக்கு உதிக்கும். இங்க ஏழு ஆகும். ஒரு மணி நேரம் தள்ளிப் போவும். ஒண்ணு கேக்குறேன். நீங்க அஸர் தொழுகைக்கு எந்த ஊரு நேரம் பார்ப்பீங்க?"

பிள்ளைகளே, நாற்பது வருட உழைப்பில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை ஒருவர் செருப்பைக்கூட எடுத்தார். இப்படி ஒரு அடி நான் வாங்கியதில்லை. என் தொழுகை நேரத்தை நான் இந்த ஊர்ச் சூரியனை வைத்து, நிமிடம் பிசகாமல் பார்க்கிறேன். நோன்பு திறக்க ஒரு நிமிடம் முந்தினாலும் நெஞ்சு பதறும். அவளுடைய நம்பிக்கை என்றதும் ஒரு நகைக்கடை அட்டை போதும் என்று நினைத்துவிட்டேன். அதை வைத்து வித்தையும் காட்டிவிட்டேன்.

வெட்கப்பட நேரம் இல்லை. மணி மூன்று பன்னிரண்டு.

பெரியவருக்குப் போன் அடித்தேன். "ஐயா, பத்து நிமிஷம் தள்ளி, நாலு பத்துக்குப் போட்டா பரவாயில்லையா?"

"ஏன்?"

சொன்னேன். "தம்பி, நாலு மணி எண்டால் நாலு மணிதான். நான் முப்பத்தெட்டு வருசம் கடுதாசியோட வேலை செய்தனான். நேரம் முடிஞ்ச கடுதாசியில கையெழுத்து வாங்கினால், பிறகு ஆராவது கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் வில்லங்கம். வேற ஆக்களும் கேட்டுக்கொண்டிருக்கினம். கூடுதலா தாறம் எண்டும் சொல்லுகினம். நான் அந்தப் பிள்ளைக்காகத்தான் மறுத்தனான். ஆனா நாலுக்குப் பிறகு மகள் என்னை விடமாட்டாள்," என்றார்.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்து என் மூளை போன போக்கைச் சொல்ல வேண்டும். மறைத்தால் நீங்கள் எதுவும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள். என் மைத்துனனுக்கு நல்ல கனமான குரல். அவனுக்குப் போன் போட்டு, குருக்கள் மாதிரி, "குழந்தாய், தாராளமாகப் போடு," என்று பேசச் சொல்லலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அவன் வாயைத் திறந்தால் பழக்கத்தில் முதலில் ஸலாம்தான் சொல்வான் என்பதால் அந்த யோசனை செத்தது. என் நல்ல குணத்தால் செத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் பொய் எழுதினால் மறுமையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

தனம் தானே உண்மையான குருக்களுக்குப் போன் அடித்தாள். மதிய நேரம், நடை சாத்தியிருந்தது. எடுக்கவில்லை. மூன்று இருபத்தைந்து.

அப்போதுதான் நான் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கோபமாக இல்லை. பயந்திருந்தாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண், முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள், தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு அதன் குடுமியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பயம்? என்கிட்ட சொல்லு."

சொன்னாள். "இருபத்தெட்டு வயசுல ஒருத்தரோட சேர்ந்து புது வீட்டுக்கு மனுப் போட்டேன் பாய். வரிசை நம்பர் கிடைச்சிச்சு. வீடுகூடத் தேர்ந்தெடுத்தோம். அவசர அவசரமா ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டோம். அம்மா நேரம் பார்க்கச் சொன்னாங்க, நான்தான் அதெல்லாம் யாரு பார்ப்பான்னு சிரிச்சேன். வீடு கட்டி முடியறதுக்குள்ள அவருக்கு வேற ஆள் கிடைச்சிட்டா. அம்மா போற வரைக்கும் அந்த நேரத்தைத்தான் குறை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. என்னை ஒரு வார்த்தை சொல்லல. நேரத்தைத்தான் சொன்னாங்க."

அவள் தேங்காயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இந்தத் தடவை எல்லாம் சரியாச் செய்யணும்னு நினைச்சேன். ஒண்ணுகூடக் குறை இருக்கக் கூடாதுன்னு. இதுவும் தப்பாப் போச்சுன்னா நான் யாரைப் பாய் சொல்றது?"

இந்த இடத்தில் ஒரு முகவர் என்ன சொல்வார்? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா." நானும் வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன், எனக்கு எப்படித் தெரியும்? நாளை நடப்பதை நான் அறிவேன் என்று சொல்ல என் மார்க்கத்தில் எனக்கு அனுமதி இல்லை. அவள் நம்பிக்கையை உடைக்கவும் எனக்கு உரிமை இல்லை. ஒரு தடவை அதில் கையை வைத்து அலங்கோலப்படுத்தினதே போதும்.

"என்னையச் சொல்லு," என்றேன்.

"என்ன?"

"தப்பாப் போச்சுன்னா என்னையச் சொல்லு. நேரம் குறிச்சது நான். கடைசி நாள்னு தெரிஞ்சும் சரின்னது நான். நீ எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்ச. பூ வாங்குற இடத்துலகூட நீதான் கண்டுபிடிச்ச. இந்த நேரத்துல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. போடலைன்னா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். இனி நான் பேச மாட்டேன்."

பேசவும் இல்லை. மூன்று முப்பத்தொன்றிலிருந்து மூன்று நாற்பத்தைந்து வரை. உங்கள் பயிற்சி வகுப்பில் பேசக் கற்றுத் தருகிறார்கள். பதினான்கு நிமிடம் பேசாமல் இருக்க யாரும் கற்றுத் தருவதில்லை. நான் மனசுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அவளுக்கு எது நல்லதோ அதைக் கொடு என்று கேட்டேன். என் கமிஷன் நடுவில் புகுந்து புகுந்து வந்தது. அதையும் சேர்த்தே கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்தூக்கி திறந்தது. பெரியவர் வந்தார். வீட்டில் கட்டும் சாரத்துக்கு மேல் சட்டையைப் போட்டு, பித்தான் எல்லாம் பூட்டி, கையில் கோப்போடு.

"மூண்டே முக்கால் ஆகுது. நீங்கள் ரெண்டு பேரும் கீழ இருந்து என்ன கூத்தடிக்கிறியள்?"

தனம் எழுந்து நின்றாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க இந்த வீட்டுக்குக் குடிவந்தீங்களே, எந்த நேரத்துல வந்தீங்க?"

அவர் கோப்பைக் கல் மேசையில் வைத்தார். "நேரமோ? ஆருக்குத் தெரியும் பிள்ளை. மழை. சாமான் எல்லாம் நனைஞ்சு போச்சுது. நான் லாரிக்காரனோட சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டனான். மனுசி மட்டும் மேல போயிட்டா. நான் போய்ப் பார்க்கிறன், வெறும் வீட்டுக்குள்ள நடுவில நிண்டு சிரிச்சுக்கொண்டிருக்கிறா. உள்ள கால் வைச்ச நேரம் எனக்கு நினைவில்லை. அவ நிண்ட இடம் நினைவிருக்கு."

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுக்காகவோ பத்து நிமிசம் கேட்டனீங்கள்? போடுறதெண்டால் போடுங்கோ, இல்லாட்டி எனக்குத் தேத்தண்ணி ஆறுது," என்றார்.

தனம் பூவையும் தேங்காயையும் மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"ஐயா, கையெழுத்தை இங்கேயே போடுறேன். இந்த மேசையில. இது அரசாங்கத்துக்கு. நாலு மணி அவங்க வச்ச கணக்கு, அவங்க கணக்குப்படி போட்டுடுறேன். ஆனா ராகு காலம் முடியற வரைக்கும் மேல வர மாட்டேன். உங்க வாசலைத் தாண்டறது என்னோட கணக்கு. அது வரைக்கும் நீங்களும் கொஞ்சம் இங்க உக்காருவீங்களா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

"தேத்தண்ணி ஆறத்தான் போகுது," என்றார் அவர், உட்கார்ந்துகொண்டே.

மூன்று ஐம்பத்து மூன்றுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். பாலர் பள்ளி ஆசிரியை அல்லவா, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். முன்பணக் காசோலையைக் கொடுத்தாள். பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, காகிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்து, நேரத்தைத் தன் கையாலேயே குறித்து, எனக்கு ஒரு பிரதி கொடுத்தார். முப்பத்தெட்டு வருடப் பழக்கம்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் அந்தக் கல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர், ஒரு பட்டுப்புடவை, நடுவில் ஒரு தேங்காய். கடந்து போன சீனக் கிழவர் ஒருவர் நாங்கள் சதுரங்கம் ஆடுகிறோம் என்று நினைத்து நின்று பார்த்தார். காய்களைக் காணாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அந்தப் பத்து நிமிடம் பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. நான் யார் நம்பிக்கையையும் அதற்கு முன் அப்படி உட்கார்ந்து காத்தது கிடையாது. பணப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். தனம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நேரம் கேட்கிறவர்களிடம், "உங்க வீட்ல யாரு பார்ப்பாங்களோ அவங்களைக் கேட்டு எனக்குச் சொல்லுங்க. காகிதத்தோட கெடு எப்பன்னு நான் சொல்றேன். ரெண்டும் இடிக்குதான்னு இன்னைக்கே உக்காந்து பார்த்துடுவோம்," என்றுதான் சொன்னேன். வியந்து பார்க்க யாரும் இல்லை. வேலை நடந்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர்கள் சாமியைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்காதீர்கள். அதற்கு உங்களுக்குக் கமிஷன் இல்லை.

அன்று நாலு மணி நாலு நிமிடம் ஆனதும் பெரியவர் தன் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். "இனி வரலாமோ?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஐயா. எதுக்கும் இருக்கட்டும்," என்றாள் தனம்.

"பாய் கணக்கெண்டால் ரெண்டு நிமிசம் போதாது, ஒரு மணித்தியாலம் விட வேணும்," என்றார் அவர். மனிதருக்கு நகைச்சுவை உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

பதினோராவது மாடியில் பெரியவர் இரும்புக் கதவைத் திறந்தார். பழக்க தோஷத்தில் ஒரு காலை உள்ளே வைக்கப் போனார். பாதியில் நிறுத்தி, காலைப் பின்னுக்கு இழுத்து, சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

"நீங்கள் முதல் போங்கோ பிள்ளை. நான் இனி விருந்தாளிதானே."

தனம் செருப்பைக் கழற்றினாள். மணி சொல்லலாம் என்று நான் கையைத் திருப்பினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள், வலது காலை எடுத்து வைத்தாள்.